ஆண்டிகனி நாடகத்தில் பாடற்குழுவின் அச்சம்: கரமனை வகுப்பறையை முன்வைத்து ஒரு நோக்கு

கிரேக்க அவல நாடகம் ஒன்று ஒப்பிலக்கியத் தாளிலோ ஆங்கில இலக்கியத் தாளிலோ பாடமாக அமையும்போது, மாணவர் குழுவாகப் பிரிந்து அதனை வகுப்பில் எடுத்துரைப்பது கல்லூரிகளில் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். ஆறு பேர் கொண்ட குழு எனக் கொண்டால் பங்கீடு பெரும்பாலும் ஒரே வகையில் அமைகின்றது. ஒருவர் ஆசிரியர் வரலாறு கூறுவார். ஒருவர் கதைச் சுருக்கம் தருவார். இருவர் தலைமை மாந்தரின் பண்புகளை விளக்குவர். ஒருவர் அரிஸ்டாட்டிலின் 'ஹமார்ஷியா'வைப் பொருத்திக் காட்டுவார். எஞ்சியவர் கண்ணகியோடு ஒப்பிட்டு முடிப்பார். 'கோரஸ்' எனப்படும் பாடற்குழு எவர் பங்கிலும் விழுவதில்லை. விழுந்தாலும் 'இடையிடையே பாடும் முதியோர்' என்ற ஒரு தொடரோடு அதன் கதை முடிந்துவிடுகின்றது. பங்கீடு என்பது வெறும் ஏற்பாடன்று. நாடகத்தில் எது முதன்மை, எது புறந்தள்ளத்தக்கது என்பது பற்றிய திறனாய்வுத் தீர்ப்பும் ஆகும். அத்தீர்ப்பு ஆராயாமலே வழங்கப்படுகின்றது என்பதே இங்குள்ள இடர்.

சோபாக்ளிஸ் இயற்றிய 'ஆண்டிகனி' கி.மு. 441 அளவில் ஏதென்ஸ் நகரில் அரங்கேறியதாகக் கருதப்படுகின்றது. ஏறத்தாழ 1350 அடிகள் கொண்ட இந்நாடகத்தின் மாந்தர் அனைவரையும் மூன்று நடிகரே மாறி மாறி ஏற்று நடித்தனர். பாடற்குழுவில் இருந்தவர்களோ பதினைவர். பன்னிருவராக இருந்த குழுவைப் பதினைவராக உயர்த்தியவர் சோபாக்ளிஸ் என்று மரபு கூறும். இப்பதினைவரும் தொழில்முறைக் கூத்தர் அல்லர், நகரின் குடிமக்கள். செல்வர் ஒருவர் பொருளுதவி செய்ய, நாடகாசிரியரே அவர்களைப் பயிற்றுவித்தார். நாடகம் அரங்கேற இசைவு பெறுவதை அக்காலத்தார் 'பாடற்குழு பெறுதல்' என்றே வழங்கினர். நாடகாசிரியரைக் குறித்த 'டிடாஸ்கலோஸ்' என்னும் சொல்லுக்கு ஆசிரியர், கற்பிப்பவர் என்பதே பொருள். ஆகவே, ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் ஒரு குழு கூடிப் பயின்று பலர்முன் எடுத்துரைக்கும் இன்றைய வகுப்பறை நிகழ்வுக்கு நாடகத்தினுள் மிக அணுக்கமானது எதுவென்றால், அது ஆண்டிகனியும் அல்லள், கிரியோனும் அல்லன், அப்பதினைவரே.

இச்செய்தியைக் கரமனையில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்தின் தென்பகுதியில், நாகர்கோவில் நெடுஞ்சாலை கரமனை ஆற்றைக் கடக்கும் இடத்தை ஒட்டியது அவ்வூர். அக்கிரகாரத் தெருக்களில் வீட்டுமொழியாகத் தமிழும், கடைத்தெருவில் மலையாளமும், வகுப்பறையில் ஆங்கிலமும் புழங்கும் சூழலில் வளரும் மாணவர் ஒரு கிரேக்கப் பனுவலை அணுகும்போது மூன்று மொழிகளின் வழியாகவும் அணுக நேர்கின்றது. இந்நகருக்கு இவ்வகையில் பழமையும் உண்டு. திருவனந்தபுரம் அரசர் கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மனோன்மணீயம்', லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் கதையைத் தழுவியது. அக்கதை மிலேட்டஸ் என்ற பண்டைக் கிரேக்க நகரின் பெயர் தாங்கிய தொகுப்பில் இடம்பெற்றது. எனினும், ஐந்து அங்கங்களாக ஆங்கில நாடக அமைப்பைப் பின்பற்றிய மனோன்மணீயத்தில் கிரேக்கப் பாணிப் பாடற்குழுவுக்கு இடமில்லாது போயிற்று. தமிழில் செய்யுள் நாடகம் என்றவுடன் தனி மாந்தரின் உரையாடலே நினைவுக்கு வருவதற்கு அந்நூலின் செல்வாக்கும் ஒரு காரணம் எனலாம்.

தமிழாய்வுலகில் கிரேக்க ஒப்பீட்டுக்கு வித்திட்டவர்கள் தனி மாந்தரை நோக்கவில்லை என்பது இங்கு நினைக்கத்தக்கது. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவர்கள். கிரேக்க நாடகத்தின் தோற்றத்தைக் கூட்டுச் சடங்கிலும் கூட்டு ஆடலிலும் தேடியவர் தாம்சன். சிவத்தம்பியின் பண்டைத் தமிழ்ச் சமூக நாடகம் பற்றிய நூல் (1981) அவ்வழியில் எழுந்தது. இவ்வளவு வலிய மரபு இருந்தும் வகுப்பறைப் பங்கீட்டில் பாடற்குழு மறைந்துபோவது வியப்பே.

கதைச் சுருக்கம் பலரும் அறிந்தது. ஈடிப்பஸின் புதல்வர் இருவரும் ஆட்சிக்காகப் பொருது ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். தீப்ஸ் நகரின் புதிய அரசன் கிரியோன், நகரைக் காத்தவனாகிய எட்டியோகிளிஸுக்கு உரிய மதிப்போடு ஈமக்கடன் செய்விக்கிறான். நகர்மேல் படையெடுத்து வந்த போலினிசஸின் உடலை எவரும் அடக்கம் செய்யலாகாது என ஆணையிடுகிறான். தங்கை ஆண்டிகனி அவ்வாணையை மீறுகின்றாள். இவ்விடத்தில் ஆங்கில உரைநூல்கள் கிரியோனை 'அங்கிள்' என்றும், அவன் மகன் ஹீமோனை 'கசின்' என்றும் கூறிச் செல்கின்றன. அவற்றைப் படித்த மாணவரும் 'உறவினர்' என்று பொதுவாக மொழிபெயர்த்துவிடுகின்றனர். கிரியோன், ஆண்டிகனியின் தாயாகிய யொகாஸ்டாவின் உடன்பிறந்தான்; அதாவது தாய்மாமன். ஹீமோன் அவளுக்கு மாமன் மகன். மணம் பேசப்பட்ட முறைப்பையன். தமிழ் உறவுமுறை ஒரு சொல்லில் உணர்த்தும் இந்த நெருக்கத்தை ஆங்கிலம் இழந்துவிட்டது. கரமனை மாணவருக்கு இன்னும் ஒரு படி மேலான வாய்ப்பு உண்டு. மருமக்கள்வழி மரபில் தறவாட்டின் காரணவராக இருந்து சகோதரியின் பிள்ளைகளைக் காக்கும் பொறுப்புடையவர் அம்மாவனே. அம்முறை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1976 டிசம்பர் முதல் ஒழிந்துவிட்டதெனினும் குடும்ப நினைவுகளில் அது இன்னும் உள்ளது. அதன் கேடுகளைத் தமிழில் எள்ளி நகையாடிய கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' இப்பகுதி மாணவர் அறியாததன்று. காக்கக் கடமைப்பட்ட மாமனே கொல்ல ஆணையிடுகிறான் என்று சொல்லும்போது நாடகத்தின் கொடுமை அவர்களுக்கு எளிதில் விளங்கும். கிரேக்கச் சமூகம் தந்தைவழிச் சமூகம் என்பதை உடன் சொல்லியாக வேண்டும். தந்தையும் உடன்பிறந்தாரும் மாண்டபின் ஆண்டிகனிக்குக் காப்பாளனாக எஞ்சுபவன் கிரியோனே என்பதால் ஒப்புமை முற்றிலும் பிழைபடவில்லை.

இனிப் பாடற்குழுவுக்கு வருவோம். அதனை 'மக்கள் குரல்' என விளக்கும் போக்கு பாடக்குறிப்புகளில் மலிந்துள்ளது. பனுவல் அதற்கு இடந்தரவில்லை. இக்குழுவினர் கிரியோனால் தேர்ந்தழைக்கப்பட்ட முதியோர். அரச குடும்பத்துக்கு வழிவழியாக உண்மையாய் இருந்தவர்கள். நகர மக்கள் ஆண்டிகனிக்காக மறைவாக இரங்குவதைத் தெரிவிப்பவன் ஹீமோன், முதியோர் அல்லர். அரசன் ஆணையை அறிவித்தபோது, இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் எச்சட்டமும் விதிக்க அவனுக்கு ஆற்றல் உண்டு என்று மட்டும் கூறி அமைகின்றனர். அவ்வாணை நன்று என்றோ தீது என்றோ கூறுவதில்லை. பிணத்தின்மேல் யாரோ மண் தூவிவிட்டனர் எனக் காவலன் வந்து சொன்னதும், இது தெய்வச் செயலாக இருக்குமோ எனக் குழுத்தலைவர் மெல்ல ஐயுறுகிறார். அரசன் வெகுண்டதும் அடங்கிவிடுகிறார். இங்குள்ள அனைவரும் தன் செயலை ஒப்புவர், ஆனால் அச்சம் அவர்கள் வாயை அடைத்துள்ளது என்று ஆண்டிகனியே அரசன் முன் வெளிப்படக் கூறுகின்றாள். பாடற்குழுவைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் இக்கூற்றே.

இவ்வச்சத்தை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணை நிற்கின்றது. அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைத் தொல்காப்பியர் கூறுவார். தம்மை ஆளும் இறையை, தாக்கி வருத்தும் அணங்கோடும் கொடுவிலங்கோடும் கள்வரோடும் ஒருங்கு வைத்து எண்ணியது கூர்ந்து நோக்கத்தக்கது. அரிஸ்டாட்டில் கூறும் அச்சமும் இரக்கமும் காண்போரிடம் எழுபவை. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு மாந்தரிடம் தோன்றிக் காண்போர்க்குப் புலனாவது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றெனக் கொள்வது ஒப்பீட்டில் அடிக்கடி நேரும் பிழையாகும். ஆனால் பாடற்குழு, நாடகத்தினுள் நின்று அஞ்சுவது. அதே வேளையில் நிகழ்வனவற்றைக் காண்பது. இரண்டு அச்சங்களும் சந்திக்கும் இடம் அதுவே. கவிதையியலின் 18ஆம் இயலில் பாடற்குழுவை நடிகருள் ஒருவராகக் கொள்ள வேண்டும் என்று கூறும் அரிஸ்டாட்டில், அதற்கு யூரிபிடிஸை விடுத்துச் சோபாக்ளிஸையே முன்மாதிரியாகச் சுட்டுவது இதனோடு இயைகின்றது.

நாடகத்தின் முற்பகுதியில் முதியோர் கொள்ளும் அச்சம் 'தம் இறை'யால் விளைந்தது. காவலன் அச்சமும் அத்தகையதே. சீட்டுக் குலுக்கித் தன் தலையில் விழுந்த செய்தியைச் சொல்ல அவன் தயங்கி நிற்பது நகையும் கலந்த காட்சி. டைரீசியஸ் என்னும் குருட்டு நிமித்திகன் வந்து, பறவையும் நாயும் பிணத்தசையைக் கொணர்ந்து பலிபீடங்களை மாசுபடுத்திவிட்டன என அறிவித்துச் சென்றபின் அச்சத்தின் நிலைக்களன் மாறுகின்றது. இவன் நகருக்கு ஒருநாளும் பொய் உரைத்ததில்லை என்று குழுத்தலைவர் அரசனிடம் நேர்நின்று கூறுகிறார். 'தம் இறை' அச்சத்தை 'அணங்கு' அச்சம் வென்றுவிட்டது. நாடகத்தில் முதன்முறையாகப் பாடற்குழு அரசனுக்கு ஆணை போன்ற அறிவுரை வழங்குகின்றது: பாறைக் குகையிலிருந்து பெண்ணை விடுவிக்க, பின் இறந்தவனுக்குக் கல்லறை அமைக்க, விரைக. கிரியோன் இசைகின்றான். ஆனால் வரிசையை மாற்றிவிடுகின்றான். முதலில் உடலை எரித்து மேடு எழுப்புகின்றான்; அதன்பின்பே குகைக்குச் செல்கின்றான். அதற்குள் ஆண்டிகனி தூக்கிட்டு இறந்துவிட்டாள். கதைச் சுருக்கத்தில் 'கிரியோன் காலம் கடந்து மனம் மாறினான்' என்று ஒரு தொடரில் அடங்கும் செய்தி இது. பாடற்குழுவின் சொற்களைப் பின்தொடர்ந்து வருபவருக்கே, காலம் கடந்தது மட்டுமன்று, சொன்ன வரிசையும் பிறழ்ந்தது என்பது புலனாகும்.

இடையில் சிறிய நிகழ்வொன்றும் உள்ளது. ஆண்டிகனியையும் இஸ்மினியையும் சேர்த்தே கொல்லக் கிரியோன் துணிந்திருந்தபோது, இருவரையுமா கொல்லக் கருதுகின்றாய் எனக் குழுத்தலைவர் ஒரே ஓர் அடியில் வினவுகிறார். தீண்டாதவளைக் கொல்லேன் என அரசன் திருத்திக்கொள்கிறான். அஞ்சிய முதியவர் ஒருவரின் ஒற்றை வினா ஓர் உயிரைக் காத்துவிட்டது. பண்பு விளக்கத்தில் ஈடுபடும் மாணவர் இஸ்மினியின் கோழைமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதுண்டு. அவள் எவ்வாறு பிழைத்தாள் என்பதை எழுதுவோர் அரியர்.

மாந்தரின் வியத்தகு ஆற்றலைப் பாடுவதாகப் புகழ்பெற்ற முதல் நிலைப்பாடலையும் இவ்வச்சத்தினின்று பிரிக்க இயலாது. அதன் முதலடியில் வரும் 'டெய்னோஸ்' என்னும் சொல் வியப்பையும் அச்சத்தையும் ஒருசேரக் குறிப்பது. 'வியத்தகு' என்று மட்டும் பெயர்த்தால் பாடல் மனிதப் பெருமை பேசும் வாழ்த்தாகிவிடும். மருட்கை, அச்சம் ஆகிய இரு மெய்ப்பாடுகளின் எல்லையில் நிற்கும் சொல் அது. மருட்கையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறும் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவற்றுள் இறுதியதாகிய ஆக்கமே அப்பாடலின் பொருள்: கலம் செலுத்துதல், நிலம் உழுதல், புள்ளும் விலங்கும் பிடித்தல், மொழி, நகர வாழ்வு. இத்தனை ஆக்கமும் உடையவன் சாவுக்கு மட்டும் மாற்றுக் காணவில்லை என்னுமிடத்தில் வியப்பு அச்சமாகின்றது.

கண்ணகியோடு ஒப்பிடும் வழக்கத்தை இனிக் காண்போம். அரசனை எதிர்த்து நின்ற பெண் என்ற அளவில் இருவரும் ஒப்பர். அதற்கு மேல் ஒப்புமை நொய்ம்மையானது. கண்ணகி அரசனின் நீதியை ஏற்று, அந்நீதி தவறியதைச் சிலம்பால் மெய்ப்பிக்கின்றாள். ஆண்டிகனி அரசனின் ஆணைக்கு இவ்விடத்தில் உரிமையே இல்லை என்கின்றாள், செய்ததை மறுக்கவுமில்லை. பாண்டியன் தவறுணர்ந்த அக்கணமே உயிர் துறக்கின்றான். கிரியோன் மகனையும் மனைவியையும் இழந்தபின்னும் உயிர் வாழ்கின்றான். ஒப்பீடு பயன்தர வேண்டுமாயின் மதுரை மக்களையும் தீப்ஸ் முதியோரையும் எதிரெதிர் நிறுத்துதல் வேண்டும். ஊர்சூழ் வரியில் கண்ணகியைக் கண்ட மதுரை மக்கள் அரசனின் கோல் வளைந்ததை வாய்விட்டுக் கூறி இரங்குகின்றனர். 'தம் இறை' அச்சம் அவர்களைக் கட்டவில்லை.

அதனினும் வளமானது ஆய்ச்சியர் குரவை. குடத்தில் இட்ட பால் உறையாமை, ஏற்றின் கண்ணில் நீர் வழிதல் முதலிய தீக்குறிகளைக் கண்டு அஞ்சிய மாதரி, ஏழு மகளிரைக் குரல் முதல் தாரம் ஈறான ஏழிசைப் பெயரால் நிறுத்திக் குரவை ஆடுவிக்கின்றாள். அச்சத்தினின்று பிறந்த கூட்டு ஆடல் மாயவனைப் போற்றும் களிப்பாக முடிகின்றது. அடுத்து வருவது துன்ப மாலை. ஆண்டிகனியிலும் டைரீசியஸின் எச்சரிக்கைக்குப்பின் முதியோர் டயோனிசஸை அழைத்து, நோயுற்ற நகரைத் தூய்மையாக்க வருக என ஆடிப் பாடுகின்றனர். அது முடிந்ததும் சாவுச் செய்தியோடு தூதன் நுழைகின்றான். இரண்டிடத்தும் தெய்வத்தை நோக்கிய கூட்டுக் களிப்பு, பேரிழப்பின் வாயிலில் நிற்கின்றது. வேறுபாடும் உண்டு. கொலைக்களக் காதை முந்திவிட்டமையால் கோவலன் இறந்ததை அறிந்துகொண்டே நாம் குரவையைக் கேட்கின்றோம். கிரேக்க நாடகத்திலோ பெண் பிழைத்திருக்கக்கூடும் என்ற நம்பிக்கை பாடல் முடியும்வரை நீடிக்கின்றது. குரவையை ஒருமுறை கூடி ஆடிப் பார்த்த மாணவர் குழுவுக்குப் பாடற்குழுவைப் பற்றித் தனி விளக்கம் தேவைப்படாது.

'ஒரு பிடி மண்ணுக்காகவா இத்தனையும்' என்ற வினா வகுப்பில் எழுவது இயல்பு. கரமனை ஆறு கடலை நோக்கிச் செல்லும் வழியில் திருவல்லம் பரசுராமர் கோயிலின் அருகே ஓடுகின்றது. கர்க்கடக வாவு நாளில் பெருந்திரளானோர் அங்குக் கூடி இறந்தோர்க்குப் பலியிடுவர். அங்கு வேண்டப்படுபவை எள்ளும் பச்சரிசிச் சோறும் தருப்பையும் நீருமே. சடங்கின் சிறுமைக்கும் கடனின் பெருமைக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்தவர் அவ்வினாவை நீண்ட நேரம் எழுப்பமாட்டார். ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. திருவல்லத்தில் காகம் வந்து பலிச்சோற்றைக் கொத்துவது இறந்தோர் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். தீப்ஸில் பறவையின் அலகில் ஒட்டியிருப்பது நகரின் தீட்டு. ஒன்றில் உணவிடும் கடன் நிறைவேறியது. மற்றதில் கடன் தடுக்கப்பட்ட உடலே உணவாயிற்று.

இவ்வகையில் நோக்கும் குழு, பங்கீட்டை மாந்தர்வழிச் செய்யாது பாடற்குழுவின் நுழைவுப் பாடலும் ஐந்து நிலைப்பாடல்களும் ஆகிய ஆறினையும் ஆறு பேருக்கு அளித்தல் இயலும். ஒவ்வொருவரும் தமக்குரிய பாடலின் முன்னும் பின்னும் நிகழ்வனவற்றை, அஞ்சி நிற்கும் முதியோரின் நிலையிலிருந்து கூறுவர். ஆண்டிகனியைப் போற்றிக் கிரியோனைத் தூற்றும் எளிய வழி அப்போது அடைபட்டுவிடும். மூன்றாம் பாடலைக் கொண்டவர் காதலின் வெல்லொணா ஆற்றலைப் பாடிவிட்டு, குகைக்குச் செல்லும் பெண்ணைக் கண்டு கண்ணீர் பெருகுவதையும் சொல்ல வேண்டும். அப்பெண்ணிடமே, துணிவின் எல்லைவரை சென்று வீழ்ந்தாய் என்று கடிந்துரைப்பதையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதை விளக்குவது எளிதன்று.

இறுதிப் பாடலுக்குரியவரின் பணி அதனினும் அரியது. மகன் இறந்த செய்தியைத் தூதனிடம் கேட்ட அரசி யூரிடிசி ஒரு சொல்லும் கூறாது உள்ளே செல்கின்றாள். தூதன் அதனை அடக்கமான துயரம் என நம்ப முயல்கின்றான். பாடற்குழுவின் தலைவரோ, வீணான ஓலத்தைப் போலவே மிகையான மௌனமும் தமக்குப் பளுவாகத் தோன்றுகின்றது என்கிறார். அரசனுக்கு அஞ்சி நாடகத்தின் பெரும்பகுதி வாய் அடைத்திருந்தவர்கள், பிறிதொருவரின் வாயடைப்பைக் கண்டு அஞ்சுகின்றனர். இவ்வச்சம் தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் எதன்பாற்படும் என்பதைக் குழுவினர் கூடி ஆய்ந்து வகுப்பின்முன் வைக்கலாம்.